பின்சீட்டு மணி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறேன். எனக்கு ஒடம்பு நல்லா இருக்கு, உங்கம்மாவுக்கு ஒடம்பவிட வாய் நல்லா இருக்கு, நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருப்பீங்கன்னு நெனச்சுக்கிறேன். சமாச்சாரம் என்னன்னா நாங்க வரோம்மா, நீ இங்க விட்டுட்டுப் போன பெரிய பைக்லயே வரோம், மூணு நாள் ஓட்டம். உங்கம்மாவும் பின்னாடி உக்கார சம்மதிச்சுட்டா. நம்ப மாட்ட, அதனால மொதல்லேருந்து சொல்றேன்.

உன் சித்தப்பா மக கல்யாணத்துக்கு நான் யார்கிட்டயும் வழி கேக்காம ஓட்டி, எல்லாம் முடிஞ்சு நாற்காலிய அடுக்குற நேரத்துல போய் எறங்கினோமே, அதுலேருந்து அவளுக்கு ஒரே பேச்சு. போன் வழி சொல்லணும், அது பாதி வழியில சாகக் கூடாது, செத்தா நான் ரயில்ல போறேன், நீங்க வண்டியக் கட்டிக்கிட்டு அழுங்கன்னுட்டா. சரின்னு போன் சார்ஜரும் ரெண்டு பனி விளக்கும் வாங்கி நேரா பேட்டரியிலயே முடுக்கிட்டேன். மறுநாள் சாவி போட்டா வண்டி பொணம் மாதிரி நிக்குது. மெக்கானிக்குக்கு போன் போட்டேன், சிரிக்கிறான். அண்ணே, சாவிய எடுத்தாலும் அது பேட்டரிய உறிஞ்சிக்கிட்டுதானே இருக்கும், நடுவுல ரிலேன்னு ஒரு சுவிட்சு போடுங்க, அதுக்குப் பின்லைட்டு ஒயர்லேருந்து ஒரு கிளை குடுங்க, சாவி போட்டாத்தான் கரண்டு வரும்னான்.

பேட்டரிக்கு சார்ஜ் ஏத்திட்டு சீட்டக் கழட்டி கூடத்துல வெச்சேன். ரெண்டு நாளா அதுல உக்காந்துதான் உங்கம்மா டிவி பாத்தா, சோபாவவிட எதமா இருக்காம். ஸ்க்ரூ எல்லாத்தையும் டம்ளர்ல போட்டு வெச்சேன், அவ அதுலயே டீய ஊத்திக் குடுத்தா, அது தனிக் கத, விடு. பின்லைட்டுக்கு மூணு ஒயர் போகுது. நம்ம வாசல்தான் சரிவாச்சே, வண்டி உருளாம இருக்க அவ முன்னாடி நின்னு பிரேக்கப் புடிச்சுக்கிட்டா. நான் சாவியப் போட்டு, கரண்டு வருதான்னு டெஸ்ட் லைட்ட வெச்சுத் தொட்டேன், மொத ஒயரே பளிச்சுன்னு எரிஞ்சுது, இதுதான்னு கட்டி டேப்பும் சுத்திட்டேன்.

நேத்து ஏரி வரைக்கும் வெள்ளோட்டம். பெரிய ரோடு, ஆள் நடமாட்டமே இல்ல, பறந்தோம். பாதியில போன் செத்துப்போச்சு. உங்கம்மா ரயில்னு ஆரம்பிக்கப் போறாளேன்னு பாத்தா முதுகுல தட்டுறா. ஏங்க, தெருவுக்குள்ள வரும்போது நீங்க பிரேக் போட்டப்பல்லாம் சார்ஜ் ஏறுற சத்தம் கிணுங் கிணுங்குன்னுச்சு, ரோட்டுக்கு வந்ததும் நீங்க பிரேக்கத் தொடவே இல்ல, சத்தமும் போச்சு, போனும் போச்சுங்கிறா. அப்பத்தான் ஒறைச்சுது. நான் கட்டினது பிரேக் லைட்டு ஒயர், பிரேக் புடிச்சாத்தான் அதுல கரண்டு. அவ பிரேக்கப் புடிச்சுக்கிட்டு நின்னா அது எரியாம என்ன செய்யும்.

ஏரிக்கரையிலயே பிரிச்சு சரியான ஒயர்ல கட்டினேன். வீடு வந்தப்ப சார்ஜ் எம்பது. ஆனா உங்கம்மா மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டா. அந்தச் சத்தம் எனக்கு வேணும், முப்பது வருஷமா மெதுவாப் போங்கன்னு இந்த முதுகுகிட்ட கத்துறேன், இன்னிக்குத்தான் அது பதில் சொல்லுச்சு, மணி இல்லன்னா நான் வரலன்னா. அதனால பிரேக் லைட்டு ஒயர்ல ஒரு சின்ன கரண்டு மணியக் கோத்து அவ சீட்டுக்கடியில வெச்சுட்டேன். இன்னிக்குக் காலையில தெருவ ஒரு சுத்து சுத்தினோம், பதினோரு தடவ அடிச்சுதுன்னு எண்ணி வெச்சிருக்கா. எறங்கினதும் பெட்டி கட்ட ஆரம்பிச்சுட்டா.

ரெண்டு பேரும் ஒரு கொறையும் இல்லாம நல்லா இருங்க. அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் மறக்காம ஜன்னலத் தொறந்து வை. உன் தெருமுனையில நான் கண்டிப்பா பிரேக் போடுவேன், உனக்கே கேக்கும்.

இப்படிக்கு,
இந்தத் தடவ நேரத்துக்கு வந்து சேரப்போற
உன் அப்பா