இரண்டு மரங்களுக்கு நடுவில்

ஜர்ஜிஸ்,
நவம்பர் 12

மதிப்புக்குரிய என் வீட்டுக்காரர் லஸ்ஹர் அவர்களுக்கு மப்ரூக்கா எழுதுவது. ஆண்டவன் கருணையில் நானும் ஆடுகளும் சுகம். மார்சேயில் ஓட்டல் பாத்திரம் கழுவிக் கழுவி உங்கள் கை என் கையைவிட வெளுத்திருக்கும். அந்த வேலையை மறந்துவிடாதீர்கள், இங்கேயும் பாத்திரம் இருக்கிறது.

ஆலிவ் பறிப்பு முடிந்தது. நானும் உங்கள் தங்கை ஸாலிஹாவும் கிளையைக் கோதிக் காய் உதிர்க்க விரலில் ஆட்டுக்கொம்பை மாட்டிக்கொண்டு ஏணி ஏறினோம். பதினைந்து நாள் வேலை, காய் இல்லாமல் அரை நாளில் முடிந்துவிட்டது. ‘கொம்பு மாட்டின நேரம்கூடப் பறிக்கலியே அண்ணி’ என்றாள். ஊரில் நாலு செக்கில் ஒன்றுதான் ஓடுகிறது. எண்ணெய் ஓடினால்தானே இங்கே கல்யாணமும் ஓடும்.

மூன்று வருஷமாக மழை இல்லை, சரி. ஆனால் பக்கத்துத் தோப்பில் இலை நிற்கிறது, நம் மரத்தில் நிற்கவில்லை. உழவுக்கார ஹமூதா மாமாவைக் கூட்டிப்போனேன். போன தடவை வந்தபோது பெரிய மரங்களுக்கு நடுவில் அறுபது கன்று நட்டீர்களே, அங்கே தோண்டினார். பெரிய மரத்தின் வேர் கன்றுக்கு அடியில் கிடந்தது. ‘உன் புருஷன் இதை வெறும் இடம்னு நினைச்சானா? மரம் வாயை வச்சுத் தண்ணி குடிக்கிற இடம்மா இது. அவன் தாத்தா இருபத்திநாலு தப்படி விட்டு நட்டது உலாவுறதுக்கா?’ என்றார். ‘அவருக்கு நெருக்கி நட்ட ஸ்பெயின் தோப்பைப் படத்துல பார்த்த அறிவு மாமா’ என்றேன். அவர் சிரிக்கவில்லை. கன்று இருந்தால் பெரிய மரம் போய்விடும் என்றார்.

அந்தத் தாத்தா, முதலாளி மண்ணில் மரம் வைத்து, அது காய்க்கும்வரை காத்திருந்து, பாதித் தோப்பைத் தன் பங்காக வாங்கியவர். இந்த ஊரில் எத்தனையோ குடும்பம் அப்படித்தான் நிலம் கண்டது.

பஸ் ஏறும்போது ‘இந்தக் கன்று காய்க்கட்டும், வந்துடறேன்’ என்றீர்கள். அதனால் பத்து நாள் மண்வெட்டியைத் தொடாமல் இருந்தேன். வெள்ளிக்கிழமை தொட்டேன். ஐம்பத்தொன்பது கன்றைப் பிடுங்கிவிட்டேன். கோபத்தை ஓட்டல் பாத்திரத்தில் காட்டுங்கள், உடைக்காமல் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் வேர்மண்ணோடு எடுத்து வந்து வீட்டு வாசலில் வைத்திருக்கிறேன். அங்கே எந்த மரத்தின் வேரும் வராது. நான் தொழுகைக்குக் கைகால் கழுவும் தண்ணீர் ஐந்து வேளையும் அதற்குத்தான் போகிறது. பிழைக்குமா, எப்போது காய்க்கும், எனக்குத் தெரியாது. காய்க்கும் முன்பே நீங்கள் வந்து நின்றால் அது ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

ஆண்டவன் உங்களை நல்லபடி வைத்து, வழியையும் சுருக்கித் தரட்டும்.

இப்படிக்கு,
வாசலைப் பெருக்கி வைத்திருக்கும்
மப்ரூக்கா