பெருங்காயத்தில் மைதா

மார்ச் 9, ஞாயிறு, காலை 6.40. கைப்பேசியை மாற்றுகிறேன், மதினி. பழையதில் நீங்கள் அனுப்பிய படங்கள் புதியதற்கு ஏறிக்கொண்டிருக்கின்றன. மொத்தம் நாற்பத்திமூன்று. எல்லாம் மளிகைப் பாக்கெட்டுகளின் பின்பக்கம். ஒவ்வொன்றின் கீழும் ஒரே கேள்வி: "தம்பி, இது ஆகுமா?" என் பதிலும் ஒற்றைச் சொல்தான். ஆகும். இல்லையென்றால், ஆகாது.

மதுரை மருத்துவர் குடலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து, சீலியாக் என்றார். கோதுமை, மைதா, ரவை ஆயுளுக்கும் கூடாது. தங்கச்சிமடம் வந்து சொன்னபோது சிரித்தீர்கள். "சோறும் மீனும் திங்கிற வீட்டுல கோதுமைச் சீக்கா? எங்கன போயி வாங்கிட்டு வந்தீக, கொழுந்தனாரே?" அண்ணன் கடலுக்குக் கொண்டுபோகும் பரோட்டா அன்றோடு நின்றது. ஒரு பிஸ்கட்கூட வீட்டுக்குள் வரவில்லை.

ஆனாலும் வயிறு அடங்கவில்லை. எடை இறங்கிக்கொண்டே போனது. வயிறு கெட்ட நாளெல்லாம் பெருங்காய ரசம் வைத்தீர்கள். மோரிலும் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டீர்கள். வயிற்றுக்கு அதை விட்டால் நம் வீட்டில் வேறு மருந்து கிடையாது.

நான் டிப்ளமோ படித்தவன். எஞ்சினில் பழுது தேடுவதுபோல, தின்றதையெல்லாம் எழுதி ஒவ்வொன்றாகக் கழித்தேன். ஆறாம் மாதம் பெருங்காய டப்பாவைத் திருப்பினேன். மைதா என்று போட்டிருந்தது. அண்ணனும், பாம்பனிலிருந்து வந்திருந்த உங்கள் அம்மாவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னேன்: "ஆறு மாசமா நீங்கதான் மதினி எனக்கு விஷம் வச்சிருக்கீக."

நீங்கள் ரசச் சட்டியைத் தூக்கிப்போய் வெளியே மணலில் கவிழ்த்தீர்கள். "ஏண்டி, என்னத்தப் போட்ட அந்தப் புள்ளைக்கு?" என்றார் உங்கள் அம்மா.

அதற்குப் பிறகுதான் இந்தப் படங்கள். ராமநாதபுரம் வரை பஸ்ஸில் போய் அரிசிமாவு சேர்த்த பெருங்காயம் தேடி வாங்கி வந்தீர்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு கேக் கிடையாது; வந்தவர்களுக்கெல்லாம் பச்சரிசி அச்சுமுறுக்கு. என் எடை ஏழு கிலோ கூடியது. நான் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் ஐந்தே நாளில் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

ஒன்று பாக்கி இருக்கிறது. மருத்துவர் முதல் நாளே ஆகாதவற்றைப் பட்டியலிட்ட ஒரு தாள் கொடுத்திருந்தார். எனக்கு ஏது பொறுமை? முதல் பக்கத்தோடு மடித்து வைத்துவிட்டேன். உங்களைக் குற்றம் சொன்ன மறுநாள்தான் திருப்பிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் பெருங்காயம் என்று தெளிவாக இருந்தது. பார்த்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. "எம் மக கையாலதான் அந்தப் புள்ள சீரழிஞ்சான்" என்று உங்கள் அம்மா இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா நிற்கிறேன். அந்தத் தாள் என் பர்ஸிலேயே கிடக்கிறது.

இனிச் செய்யப்போவது:

1. அண்ணன் சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் தாளைக் காட்டுவது.
2. மதியம் பாம்பன் போய், உங்கள் அம்மாவிடம் இரண்டாம் பக்கத்தை வாசித்துக் காட்டுவது.
3. அவர் திட்டி முடிக்கும்வரை எழுந்திருக்காமல் இருப்பது.