இரண்டாயிரத்து ஐந்நூறு அடி

ஹரியானா
17.1.2025

இன்னும் பதவியில் இருக்கும் என் கணவர் கமலேஷுக்கு,

நலம், நலமறிய ஆவல். என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரரை ப்ளாக் செய்ய முடியாதே, அதனால் கடிதம்.

பொங்கலன்று போய்ச் சேர்ந்திருப்பேன். இங்கே பாராசூட் பயிற்சியில் விமானத்திலிருந்து குதித்தேன், பாராசூட்டும் விரிந்தது, ஆனால் கயிறெல்லாம் முறுக்கிக்கொண்டது. ராட்டினம் மாதிரி சுற்றுகிறேன். காலை உதைத்து உதைத்து முறுக்கைப் பிரிக்கப் பார்க்கலாம், இரண்டாயிரத்து ஐந்நூறு அடி வரைக்கும்தான். அதற்குள் பிரியாவிட்டால் மார்பில் இருக்கும் சிவப்புப் பிடியை இழுத்து அந்தப் பாராசூட்டையே கழற்றிவிட வேண்டும். பிறகு முதுகிலிருக்கும் இரண்டாவது விரியும். மணிக்கட்டில் உயரம் காட்டும் மீட்டரைப் பார்த்தேன், 2,500. இன்னும் ஒரு உதை என்று நினைத்தேன். இன்னும் ஒன்று. பிடியை இழுத்தபோது 1,400. கடுகு வயலில் விழுந்தேன், முழங்கையில் சிராய்ப்பு மட்டும்.

கோச் சில்வஸ்டர் நம்ம கோத்தகிரிக்காரர், பழைய ராணுவம். ஓடி வந்தவர் ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால், "ஏனுங்க அம்மணி, அதுக்கும் உங்களுக்கும் தாலியா கட்டியிருக்குது? உடறதுக்கு இத்தனை நேரமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், எனக்கு வரவில்லை. ஏன் தாமதித்தேன் என்று எழுதிக் கொடுக்கும் வரை குதிக்கத் தடை. மூன்று நாளாக எழுத வரவில்லை. ஓடுதளத்தின் ஓரமாக நடந்துகொண்டே இருக்கிறேன்.

நீங்கள் நாளுக்கு முந்நூறு கோப்பைத் தேநீர் ருசி பார்க்கிறவர். ஒரு வாய் உறிஞ்சித் துப்புவதற்குள் நல்லது கெட்டது சொல்லிவிடுவீர்கள். எப்படி? தொழில் விஷயமாகத்தான் கேட்கிறேன்.

வக்கீல் அனுப்பிய விவாகரத்துத் தாள் பெட்டியில் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. இங்கே 'விபத்து நேர்ந்தால் தகவல் தர' என்ற இடத்தில் இன்னும் உங்கள் பெயர்தான்.

அன்புடன்,
சுமலதா


குன்னூர்
28.1.2025

சுமலதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. டி.டி. ஊசி போட்டாயா?

1,400 அடி எவ்வளவு என்று பிடிபடவில்லை. ஞாயிறன்று டால்ஃபின்ஸ் நோஸ் மலைமுனைக்குப் போய்க் கீழே பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அந்த உயரத்திலிருந்து தரைக்கு எத்தனை வினாடி?

கேட்டதற்குப் பதில். கோப்பை வந்த பிறகு நான் யோசிப்பதில்லை. எது வேண்டாம் என்று முன்பே முடிவு செய்திருப்பேன். புகைவாடை வேண்டாம், புளிப்பு வேண்டாம். நாக்கில் பட்டதும் தெரிந்தால் ஒதுக்கிவிடுவேன். இரண்டாம் வாய் எடுக்க மாட்டேன். அதற்குள் நாக்கு பழகிவிடும், பொய் சொல்லும்.

தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நல்லது. வக்கீல் கேட்கிறார். உன் அம்மாவை எஸ்டேட் பஸ்ஸில் பார்த்தேன். விழுந்ததைச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
கமலேஷ்


ஹரியானா
8.2.2025

அன்புள்ள உங்களுக்கு,

எட்டு ஒன்பது வினாடி.

ஊசி போட்டாயிற்று. கேட்டீர்களே, அந்த ஒரு வரியை நாலு தடவை படித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

உங்கள் முறையை அப்படியே எழுதிக் கொடுத்தேன். 'விமானம் ஏறும் முன்பே முடிவு செய்' என்று சில்வஸ்டர் சார் சுவரில் ஒட்டிவிட்டார். தடை நீங்கியது.

நம்மையும் அப்படித்தான் கோப்பை வரும் முன்பே முடிவு செய்தீர்களா? ஞாயிறு மதியம், சாம்பார் முடிந்து ரசம் ஊற்றுவதற்குள், "சுமா, இது சரிப்படாது. உனக்கு ஊட்டுல கால் தங்காது" என்றீர்கள். தங்காதுதான். அதற்காகத்தானே மலையேற்ற வழிகாட்டி வேலையை விட்டேன், உங்கள் அம்மாவோடு உட்கார்ந்து டி.வி. சீரியல் பார்த்தேன். பதினொரு மாதம் உதைத்தேன். இதோ, கடிதத்திலும் உதைத்துக்கொண்டிருக்கிறேன். கோபம் கோபமாக வருகிறது, பாதி உங்கள் மேல், பாதி என் மேல்.

மார்ச் பத்தாம் தேதி வரை பார்ப்பேன். 'வா' என்று ஒரே ஓர் எழுத்து எழுதுங்கள், அடுத்த ரயிலில் வருகிறேன். வராவிட்டால் பதினொன்றாம் தேதி கையெழுத்துப் போட்டு வக்கீலுக்கு அனுப்பிவிடுவேன். பிறகு எழுத மாட்டேன்.

இன்னும் உங்கள்,
சுமா


குன்னூர்
17.3.2025

அன்புள்ள சுமா,

தேதி தாண்டிவிட்டது, தெரியும். பத்தாம் தேதி தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஒரே எழுத்துதான், எழுத வரவில்லை. சொன்ன முடிவை மாற்றி எனக்குப் பழக்கமில்லை.

போன வியாழன் ஒரு கோப்பையை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனேன். என்னவோ, திரும்பி வந்து இரண்டாம் வாய் எடுத்தேன். நல்ல தேநீர். இந்த வேலையில் ஒன்பது வருஷத்தில் இப்படித் திரும்பியதே இல்லை. பக்கத்து மேஜை ஜெனிஸ், "ஏனுங் சார், ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று கேட்டாள். முடியவில்லைதான். இதுவரை எத்தனை கோப்பையைத் தப்பாக ஒதுக்கினேனோ என்று ஒரே யோசனை. வீட்டில் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இப்போது கால் தங்காதவன் நான்தான், சிரித்துக்கொள்.

உன் நம்பரை ப்ளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டிருந்தாலும் பரவாயில்லை, வக்கீலிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

வா.

உன்,
கமலேஷ்


ஹரியானா
26.3.2025

கமலேஷ் அவர்களுக்கு,

எழுத மாட்டேன் என்றேன். இது மட்டும் எழுத வேண்டியிருக்கிறது.

பதினொன்றாம் தேதி காலை தாளைத் தபாலில் போட்டுவிட்டுக் குதிக்கப் போனேன். மறுபடியும் கயிறு முறுக்கியது. உதைத்தேன். மீட்டர் 2,500 காட்டியது, சிவப்புப் பிடியை இழுத்தேன். யோசித்ததெல்லாம் தரையிலேயே முடிந்திருந்தது. இரண்டாவது விரிந்ததும் சத்தம் போட்டு அழுதேன், அங்கே கேட்க யாருமில்லை.

அப்போதுதான் கழற்றிவிட்டதைப் பார்த்தேன். முறுக்கெல்லாம் பிரிந்து, முழுசாக விரிந்து, கோதுமை வயல் பக்கமாக மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு குறையும் தெரியவில்லை. இறங்கியதும் சில்வஸ்டர் சாரிடம், அவசரப்பட்டுவிட்டேனா என்று கேட்டேன். "இல்லீங்க அம்மணி. நீங்க உட்டதுனாலதான் அது பிரிஞ்சுது. தொங்கிட்டே இருந்திருந்தீங்கன்னா தரை வரைக்கும் பிரிஞ்சிருக்காதுங்க" என்றார்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. ரொம்ப நன்றாக இருந்தது. கடைசி எழுத்தைக் கையால் மூடிக்கொண்டு மூன்று தடவை படித்தேன்.

வக்கீலிடம் ஒன்றும் பேச வேண்டாம். இரண்டாம் வாய் எடுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், அடுத்து வருகிறவளுக்கு ஆகும்.

'விபத்து நேர்ந்தால்' என்ற இடத்தில் அம்மா பெயரை எழுதிவிட்டேன். என் நம்பரை மறுபடியும் ப்ளாக் செய்ய வேண்டியதில்லை. நான் கூப்பிட மாட்டேன்.

சுமலதா