வெறுமனே ஓடும் மெஷின்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால் வலியைத் தவிர. நீயும் சுகம் என்றுதான் சொல்கிறாய், அதை நம்புவதா வேண்டாமா என்பதற்குக் கடைசியில் வருகிறேன். போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் மாடிப்படியில் ‘நிறவெறிக்கு இங்கே இடமில்லை’ என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் போஸ்டர் ஒட்டியதைப் படம் எடுத்து அனுப்பினேன் இல்லையா, நம்ம ஆளுங்க திருந்திட்டாங்களேம்மா என்று நீ சந்தோஷப்பட்டாய். எனக்கு அன்றைக்கே உறுத்தியது. மேல்மாடியில் வாடகைக்கு வந்திருக்கிறார்களே, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பெண்ணும் அவள் வீட்டுக்காரரும், வேறு தேசத்துக்காரர்கள், நம்மைவிடக் கறுப்பு, அவர்களைக் கண்டால் செயலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். என்னைப் பார்த்து ஒருநாளாவது அப்படிச் சிரித்திருப்பாரா அந்த மனுஷன். நம் சமையலறைக்கு நேர் கீழேதானே எல்லோருக்கும் பொதுவான துவைக்கிற அறை, துணி போட்டால் மெஷினில் தொப் தொப் என்று விழுகிற சத்தம் மேலே கேட்கும். அந்தப் பெண் துவைத்து முடித்த பிறகு ஒவ்வொரு தடவையும் துணியே இல்லாமல் உர்ரென்று ஒரு சுற்று ஓடுகிறது. வேறு யார் துவைத்தாலும் அப்படி ஓடுவதில்லை. அவள் தொட்டதை யாரோ கழுவுகிறார்கள் என்று புரிந்துபோயிற்று.

யாராக இருக்கும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். முதலில் செயலாளர் மனைவி, அப்புறம் எதைத் தொட்டாலும் கை கழுவுகிற ரிட்டயர்டு கண்டக்டர், கடைசியில் உன் அப்பாமேலேயே சந்தேகம் வந்துவிட்டது, இப்போதெல்லாம் துணியை நானே எடுத்துட்டுப் போறேன் என்று முழங்கால் வலியோடு இறங்கினாரே, அது எதற்கு. போன வாரம் அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனேன். அங்கே யார் நின்றது தெரியுமா, அந்தப் பெண்ணேதான். துவைத்த துணியெல்லாம் பக்கெட்டில் இருக்க, வெறும் மெஷினை ஓடவிட்டுக் காத்துக்கொண்டு நிற்கிறாள். ஏம்மா என்றேன். குடிவந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க, எங்க துணிக்கப்புறம் ஒருதடவ அலசி விட்டுடணும்னு, இப்ப பழகிப்போச்சு, நீங்க யார்கிட்டயும் கேட்டுடாதீங்க, வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க என்றாள், ஆஸ்பத்திரியில் பழகிய தமிழில். என்னையும் நம்பாமல்தான் பார்த்தாள், அதில் என்ன தப்பு.

மேலே வந்து அப்பாவைப் பிடித்தேன். செயலாளர் அதைச் சொன்னபோது இவரும் பக்கத்தில்தான் நின்றாராம், நமக்கெதுக்கு வம்புன்னு சும்மா இருந்துட்டேன் என்கிறார், நான் கீழே போனால் மோப்பம் பிடித்துவிடுவேன் என்றுதான் துணியைத் தூக்கிக்கொண்டு போனாராம். ஒதுக்கி வைக்கிறதைப் பார்த்துட்டுச் சும்மா நிக்கிறதும் அதே தப்புதாம்மா என்று ஒருநாள் போனில் நீ சொன்னதை அப்படியே அவரிடம் சொன்னேன். நேற்றுச் சங்கக் கூட்டத்தில் மனசு கேட்காமல் நானே கேட்டுவிட்டேன், செயலாளர் அப்படி ஒரு விதியே கிடையாதே என்று பூசி மெழுகினார். அப்பா எழுந்து, நீங்க சொன்னீங்க, நான் கேட்டுக்கிட்டு நின்னேன், அவங்களை இனிமே யாராவது காலி பண்ணச் சொன்னா முதல்ல எனக்குப் பதில் சொல்லுங்க என்றார். ஒருவழியாகச் சொல்லிவிட்டார். இன்று அவள் துணியை எடுத்ததும் சுடச்சுட நம் துணியைப் போட்டேன். கண்டக்டர் தன் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார், போகட்டும்.

இப்போது உன் விஷயம். துணி துவைக்கவே பாதி ஞாயிறு போயிடுதும்மா என்று போன மாதம் சொன்னாய், நானும் சோம்பேறி என்று திட்டினேன். ஒற்றை ஆள் துணிக்கு எதற்குடா பாதி ஞாயிறு. அந்த வெள்ளைக்காரர் தேசத்தில் நீ தங்கியிருக்கிற இடத்திலும் மெஷின் பொதுதானே. வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள், தீர்க்காயுசாக இரு. மறக்காமல் இதற்கு மட்டும் உண்மையைச் சொல், உன் துணியை எடுத்த பிறகு மெஷினை நீயும் ஒருதடவை வெறுமனே ஓட விடுகிறாயா?

இப்படிக்கு,
சந்தேகப் பிராணி என்று அப்பா கூப்பிடுகிற
உன் அம்மா