கிழக்குச் சுவரின் பற்கள்

ஜூன் 3
இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வெளியே சொல்லத் துணிவில்லை, இங்கேயாவது எழுதுகிறேன். பல்கலைக்கழக நூலகத்தை இடிக்கப் போகிறார்கள். இடம் போதவில்லையாம், பழைய கட்டடத்தோடு எதையும் சேர்க்க முடியாதாம். புதிதாக வந்திருக்கும் கட்டடக்கலைஞர் கூட்டத்தில் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான்.

சேர்க்க முடியாதா? இந்த வளாகமே சேர்த்துச் சேர்த்து வளர்ந்ததுதானே.

ஜூன் 4
வளர்த்தவர் முசுடு. ஓய்வுபெற்ற பொறியாளர், பட்டப்பெயர் நான் வைத்தது. எந்தக் கட்டடத்தையும் அவர் முழுசாக முடித்ததில்லை. கடைசிச் சுவரில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை செங்கல்லை வெளியே நீட்டி விடுவார். கொத்தனார்கள் அதைப் பல் என்பார்கள். பணம் வந்ததும் அடுத்த கட்டடம் அந்தப் பல்லைக் கவ்விக்கொண்டு எழும். இயற்பியலிலிருந்து வேதியியல், அதிலிருந்து கணிதம். நுழைவாயிலிலிருந்து கடைசி வகுப்பறை வரை மழையில் நனையாமல் போகலாம். எங்கே எது முடிந்து எது தொடங்கியது என்று இன்றும் தெரியாது. மனுஷன் கெட்டிக்காரர் — எழுதவே கை கூசுகிறது.

எங்கள் வரலாற்றுத் துறைக்கு மட்டும் நூலகத்துக்குக் கிழக்கே ஒரு தகரக் கொட்டகை. கட்டடம் கேட்டுப் போகும்போதெல்லாம் ஒரே பதில்: "ஹிஸ்டரிக்கு என்ன சார் அவசரம்?" அவர் ஓய்வுபெறும் வரை அங்கேயே வெந்தேன். என் ஜன்னலுக்கு எதிரே நூலகத்தின் கிழக்குச் சுவர். அதன் பல் தினமும் என்னைப் பார்த்து இளிக்கும். பிறகு அழகுக்காகப் பலகை அடித்து மூடிவிட்டார்கள். கொட்டகையும் போயிற்று, அங்கே இப்போது ஸ்கூட்டர்கள் நிற்கின்றன.

ஜூன் 6
சாப்பாடு இறங்கவில்லை. "அவரத் திட்டாம நீங்க ஒரு வேளை சாப்பிட்டதில்ல. இப்ப அவர் கட்டடத்துக்காகப் பட்டினியா?" என்கிறாள் மனைவி.

ஜூன் 9
தச்சரை வைத்துக் கிழக்குச் சுவரில் ஒரு பலகையைக் கழற்றினேன். பல் அப்படியே இருக்கிறது. ஆனால் அஸ்திவாரம்? வேறு வழியில்லாமல் முசுடுக்கு போன் செய்தேன்.

"உங்க கொட்டகை எது மேல நின்னுதுன்னு நெனச்சீங்க?" என்றார்.

அந்தத் தரை ஒரு நாளும் இறங்கியதில்லை, வெடித்ததில்லை. அன்றே நூலகத்தின் அடுத்த பாதிக்கு அஸ்திவாரம் போட்டு, அதன் மேல் எங்களை உட்கார வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன்.

"காலி இடம்னு தெரிஞ்சா எவனாவது பிடுங்கிருப்பான். நீங்க உட்கார்ந்த இடத்த எவன் சார் பிடுங்குவான்?"

திட்டினாரா, பாராட்டினாரா?

ஜூன் 10
கட்டடக்கலைஞரை அழைத்துப்போய்க் காட்டினேன். பல்லைத் தடவிப் பார்த்தார். ஸ்கூட்டர்களை நகர்த்தி ஒரு மூலையில் தோண்டச் சொன்னார். இருக்கிறது.

ஜூன் 17
இடிப்பு இல்லை. நூலகம் கிழக்கே வளரப்போகிறது. அறிவிப்பில், எல்லாம் கட்டடக்கலைஞரின் தொலைநோக்கு என்று போட்டிருக்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. முசுடை நான் மன்னிக்கவில்லை, வெந்தது வெந்ததுதான். அதற்காக அவர் விட்ட பல்லை இன்னொருவர் வாயில் வைப்பதா?

நாலாம் தேதி எழுதியதை, வசவை நீக்கிவிட்டு, ஒரு தாளில் எழுதி எடுத்தேன். நாளை நூலக வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போகிறேன். பத்திரிகை படிக்க அவர் அங்கேதான் வருவார். என் பெயரைப் பார்த்தால் ஆயுசுக்கும் சிரிப்பார். கையெழுத்து வேண்டாம்.

என் பெயருக்கு என்ன அவசரம்?