பல் பதிந்த காசு

பிள்ளைச்சாவடி,
மார்கழி 9

அன்புள்ள கவிநிலா அப்பாவுக்கு,

தனக்கொடி எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் பொய். மஸ்கட்டில் நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, தெரியவில்லை. ஆயுத பூசையன்று காசுகளைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். நீங்கள் பார்த்ததற்கு நீல டிக் விழுந்தது. அதோடு சரி. மூன்று மாதமாகப் போன் எடுக்கவில்லை. பழைய கவரில் கம்பெனி விலாசம் இருந்ததால் இந்தக் கடிதம்.

அன்று ஊரே அரிவாள், சைக்கிள் என்று கழுவிப் பொட்டு வைத்தது. என் வீட்டுக்காரருக்கு ஆயுதம் எது என்று யோசித்தேன். நீங்கள் இருபது வருடம் கடற்கரை மணலில் குனிந்து பொறுக்கிய நாற்பத்தொரு பழங்காசுதான் நினைவுக்கு வந்தது. குத்துவிளக்குக்குக் கரைத்த புளி மிச்சமிருந்தது. உப்பும் சேர்த்து, பச்சை படிந்திருந்த காசுகளைத் தேய்த்தேன். புதுசு மாதிரி மின்னியது. எனக்குப் பெருமை வேறு.

பத்தே நாளில் எல்லாக் காசும் வெளிர்பச்சையாக மாவு பூத்தது. துடைத்தால் மறுநாள் மறுபடியும். கல்லூரியில் சரித்திரம் நடத்தும் ஹேமலதா டீச்சரிடம் கொண்டுபோனேன். அந்தப் பழைய பச்சை, அழுக்கு இல்லம்மா, அதுதான் காசுக்குத் தோல், அதை உரிச்சு உள்ள உப்பையும் ஏத்திட்டீங்களே என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவர் சொன்னபடி தட்டாஞ்சாவடியில் உப்பே இல்லாத பேட்டரித் தண்ணீர் வாங்கி வந்து, உள்ளே ஏறிய உப்பு இறங்க ஒவ்வொரு காசையும் தனிக் கிண்ணத்தில் ஊறவைத்துத் தினமும் தண்ணீர் மாற்றுகிறேன். உலர்த்தி, செருப்புக் கடையில் கேட்டு வாங்கிய ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு டப்பாவில் மூடுகிறேன். வெறுங்கையால் தொடுவதில்லை. ஆனால் ஜன்னல் கம்பியே உதிர்கிற வீடு இது. உப்புக்காற்றை எங்கே போய் அடைப்பது? பதினேழு காசு அரித்துப் பொடிந்து போய்விட்டது. மிச்சத்தில் அரிப்பை நிறுத்திப் பார்க்கலாம், போனது திரும்பாது என்கிறார் டீச்சர்.

நீங்கள் ஏன் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கப்பல் படம் போட்ட காசு. தானே புயலுக்கு அப்புறம் நம் கவிநிலா மணலில் எடுத்தது. ஏழு வயது அவளுக்கு. சாக்லேட் காசு என்று கடித்துவிட்டுத் துப்பினாள். நீங்கள் அவளைத் தூக்கிவைத்துக்கொண்டு சிரித்தீர்கள். அந்தப் பச்சையில் அவள் முன்பல் பதிந்திருந்தது. காய்ச்சலில் அவள் போன பிறகு, நீங்கள் அந்த இடத்தை விரலால் தடவுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! பார்த்த நான்தான் அந்தப் பல் தடத்தைத் தேய்த்து அழித்தேன். புளிக்கையோடு மற்ற காசுகளோடு அதையும் எடுத்தேன், நினைப்பே வரவில்லை. பெற்றவளுக்கு எப்படி மறந்தது?

நேற்று அது கிண்ணத்திலேயே இரண்டாகப் பிளந்தது. அந்தத் தண்ணீரைக் கொட்ட மனம் வரவில்லை. மூடி வைத்திருக்கிறேன்.

இங்கே யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. திட்டுவதற்காவது ஒரு தடவை போன் செய்யுங்கள். அவள் பேரைச் சொல்லித் திட்டுங்கள். அந்தப் பேரைச் சொல்ல உங்களையும் என்னையும் விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

அம்மன் உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
கவிநிலாவின் அம்மா