முன்சக்கரத்து ஷாக்கும் உங்கள் கையும்

அண்ணாச்சி,

இன்று காலை பட்டறையில் நம் உப்பு வண்டியின் முன்பக்கத்து ஷாக் அப்சர்பர்கள் இரண்டையும் கழற்றித் தரையில் போட்டார்கள். கசிந்த எண்ணெயும் உப்புத் துருவும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது. மெக்கானிக் ஒன்றை நிமிர்த்தி வைத்து உள்ளங்கையால் அமுக்கினார். நல்ல ஷாக் என்றால் முரண்டு பிடிக்கும். இது ஓட்டை சைக்கிள் பம்பு மாதிரி உள்ளே போனது. ஸ்டீரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடின் முனையைப் பிடித்து ஆட்டினார். லொடலொடவென்று ஆடியது.

அவருக்கு உங்களைத் தெரியாது. தன் போக்கில்தான் சொன்னார்.

"லோடோட இத நேரா ஓட்டிருக்காருன்னா, அந்த டிரைவருக்கு இரும்புக் கையாத்தான் இருக்கணும்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து நின்றுகொண்டேன்.

பதினோரு வருடம் அந்த வண்டியை ஓட்டினீர்கள். மணப்பாட்டில் பிறந்தவர் ஏன் கடலுக்குப் போகவில்லை என்று ஒருமுறை கேட்டேன். கடலில் எல்லாமே ஆடும், ரோடாவது ஆடாமல் கிடக்குமே என்று வந்தேன் என்றீர்கள். இரண்டு பேரும் சிரித்தோம். அப்போதெல்லாம் நான் நல்ல முதலாளிதான், அல்லது அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

வண்டியை உப்பளத்துக் கால்வாயிலேயே கழுவச் சொன்னது நான். தண்ணீர் அங்கேயே கிடக்கிறது, கழுவிவிட்டு உடனே அடுத்த நடை அடிக்கலாம் என்ற அவசரம். "உப்புத் தண்ணியில கழுவுதது, அழுக்க எடுத்துட்டு நோயத் தடவுததுல்லா மொதலாளி" என்று சொல்லிப் பார்த்தீர்கள். எனக்கு எங்கே காது கேட்டது? அடிப்பக்கம் அரித்துக்கொண்டே இருந்தது. மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன்.

போன மழைக்காலம் முடிந்ததும் ஸ்டீரிங் நடுங்குகிறது என்றீர்கள். வண்டி இடப்பக்கம் இழுக்கிறது, பள்ளத்தில் இறங்கினால் மூன்று தடவை குதிக்கிறது என்றீர்கள். நான் ஏறி, ஷெட்டிலிருந்து தெருமுனை வரைக்கும் நடைவேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். பெரிய பரிசோதனை! ஒன்றுமில்லை என்று இறங்கிவிட்டேன். நீங்கள் விடவில்லை. மறுநாளும் சொன்னீர்கள், அதற்கு மறுநாளும் சொன்னீர்கள். எனக்குக் கோபம் வந்தது.

ஹார்பர் ரோட்டு டீக்கடையில் ஏழெட்டு டிரைவர்கள் நின்றார்கள். விளிம்பு வரை ஊற்றிய டீ கிளாஸை உங்கள் கையில் கொடுத்தேன்.

"ஸ்டீரிங் நடுங்குதா, கை நடுங்குதா? இதச் சிந்தாம பிடிங்க, பாப்போம்."

வாங்கிப் பிடித்தீர்கள். அத்தனை பேர் கண்ணும் உங்கள் விரலில் இருந்தது. யாருக்குத்தான் சிந்தாது, அண்ணாச்சி? கொஞ்சம் தளும்பி மணிக்கட்டில் வழிந்தது. முதலில் சிரித்தது நான். நான் சிரித்ததைப் பார்த்துத்தான் மற்றவர்கள் சிரித்தார்கள். கிளாஸைப் பலகையில் வைத்துவிட்டு, சாவியை அதன் பக்கத்தில் வைத்தீர்கள். நடந்தே போனீர்கள். கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை எனக்கு. வயசாகிவிட்டது, பாவம் என்று அவர்களிடம் பெரிய மனுசன் மாதிரி பேசிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வேறு யாரும் உங்களுக்கு வண்டி கொடுக்கவில்லை. கை நடுங்குகிற டிரைவர் என்ற பேர் ஹார்பர் முழுக்கப் போய்விட்டது. நாலு மாதத்தில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தீர்கள். மாலை வாங்கிக்கொண்டு வந்து உங்கள் காலடியில் நின்றேன். வெட்கங்கெட்டவன்.

நீங்கள் சாவியை வைத்துவிட்டுப் போன பிறகு மாதக்கணக்கில் வண்டி சும்மா நின்றது. போன வாரம்தான் என் மச்சான் மகன் ஓட்ட ஆரம்பித்தான். முதல் நாளே ஸ்டீரிங் நடுங்குகிறது என்றான். மறுபேச்சு இல்லாமல் பட்டறைக்கு அனுப்பினேன். அவன் சொன்னதை நம்ப எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை.

மத்தியானம் உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: நடுங்கியது வண்டிதான், தப்பு என்னுடையதுதான் என்று. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்கள்.

"சாப்பிட உக்காருததுக்கு முன்ன தெனமும் கைய நீட்டி, 'ஏளா, நடுங்குதா பாரு'ம்பாவ. இல்லன்னு சொல்லுவேன். நம்ப மாட்டாவ. 'மொதலாளி சும்மா சொல்ல மாட்டாரு, எனக்குத்தான் தெரியல'ம்பாவ."

என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லுக்காக, கடைசி வரை சொந்தக் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே செத்துப்போனீர்கள். சாயங்காலம் பட்டறையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். புது ஷாக், புது டை ராடு எல்லாம் மாட்டியாகிவிட்டது, வந்து ஓட்டிப் பாருங்கள் என்று. போனேன். கதவைத் திறந்து ஒரு காலைப் படியில் வைத்தேன். அதற்கு மேல் ஏற முடியவில்லை, அண்ணாச்சி.